முழுவதும் இயலாதவன்

ஒன்பதாம் பக்கத்துக்கு வந்துவிட்டீர்களா, சார்? அப்படியானால் கொஞ்சம் நிறுத்துங்கள். கையெழுத்துப் போடாதீர்கள். போடவே கூடாது என்று சொல்லவில்லை. படித்துவிட்டுப் போடுங்கள் என்கிறேன். கடைசிப் பத்தி. சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டியிருக்கிறார்களே, அது.

எனக்குப் பார்க்காமலே வரும். ‘மேற்கண்ட மாணவ/மாணவியை உயர்கல்வி படிக்க வைக்க இயலாதவன்/ள் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.’ இதற்குக் கீழேதான் கையெழுத்துக் கேட்கிறார்கள். இது இல்லாமல் உதவித்தொகை கிடையாது.

உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? தோன்றாது. யாருக்கும் தோன்றுவதில்லை. பையனுக்குத்தானே? என்ன படிப்பு? சரி, சொல்ல விருப்பம் இல்லையென்றால் விடுங்கள். உங்கள் டோக்கன் முப்பத்து நான்கு. சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். இப்போது பதினேழுதான் உள்ளே போயிருக்கிறது. அந்தப் பதினேழு நாங்கள்தான். என் மனைவியும் பெண்ணும் உள்ளே இருக்கிறார்கள். நான் இங்கே இருக்கிறேன். ஏன் இங்கே இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

நான் பிழை திருத்துகிறவன். வடக்குமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சகம். இருபத்தொன்பது வருடமாக அங்கே வேலை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கட்சி நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் முதலில் என் மேசைக்கு வரும். நான் பார்த்து அனுப்பிய பிறகுதான் இயந்திரம் ஓடும். ஒரு தடவை ஓர் ஊர்ப் பெரியவரின் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘மறைந்தார்’ என்பது ‘மறந்தார்’ என்று வந்துவிட்டது. நான் லீவில் இருந்த நாள். மறுநாள் சொந்தக்காரர்கள் இருபது பேர் கம்போடு வந்தார்கள். அன்றிலிருந்து முதலாளி எனக்கு லீவு கொடுக்க யோசிப்பார். ஓர் எழுத்து என்ன செய்யும் என்று தெரிந்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன், படித்துவிட்டுப் போடுங்கள்.

இந்த விண்ணப்பத்தை மே மாதம் எழிலி கொண்டுவந்தாள். எழிலி என் பெண். மேகம் என்று பொருள். பள்ளிக்கூடத்தில் ‘எழில்’ என்று பதிந்துவிட்டார்கள், மூன்று தடவை நடந்து மாற்றினேன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் கிடைத்தது. இடம் கிடைத்துவிட்டது. கட்டுவதற்கு வழியில்லை. அவ்வளவுதான் விஷயம். உங்களுக்கும் அதுதானே? இங்கே இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் அதுதான். ஆனால் பாருங்கள், ஒருவரும் ஒருவரோடும் பேசமாட்டார்கள். பல் டாக்டரிடம் வந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவளுடைய வகுப்பாசிரியை ரெபேக்கா டீச்சர் நல்ல மாதிரி. அவர்தான் முதலில் முதல் பட்டதாரிச் சலுகைக்கு எழுதச் சொன்னார். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் அரசாங்கமே கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைக்கிறது, தெரியும்தானே? நான் சொன்னேன், டீச்சர், நான் பி.ஏ. தமிழ். அஞ்சல் வழியில், முப்பத்தாறு வயதில், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் படித்தேன். டீச்சர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அப்புறம், “அதப் போய் ஏன் சார் படிச்சீங்க” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி செண்பகம் சுவரைப் பார்த்தாள். அவளுக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. பட்டத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். “அதக் கழட்டிப் பரண்ல போட்டா யாருக்குங்க தெரியப்போகுது?” என்றாள். பொய் சொல்லிச் சலுகை வாங்க மாட்டேன் என்றேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள். அவளுக்கு எதிலாவது உடன்பாடு இல்லையென்றால் அரிசி களையப் போய்விடுவாள். அன்றைக்கு மூன்று வேளைக்கும் களைந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அரசுப் பள்ளியில் படித்திருந்தால் வேறு வழி இருந்ததாம். தனி ஒதுக்கீடு உண்டாம். எழிலியை உதவி பெறும் பள்ளியில் சேர்த்தது நான்தான். அங்கே தமிழாசிரியர் நன்றாக நடத்துவார், அதற்காகச் சேர்த்தேன். தப்பா? நீங்கள் சொல்லுங்கள். நல்லது என்று நினைத்துச் செய்த இரண்டு காரியமும் அவளுக்கு எதிராக வந்து நின்றால் நான் என்ன செய்ய முடியும்? சில நாள் நானே என்னைக் கேட்டுக்கொள்வேன். பட்டம் யாருக்காக வாங்கினேன்? அவளுக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அப்போது பிறக்கவே இல்லை.

சரி, அதை விடுங்கள். மிச்சம் இருந்த ஒரே வழி இந்த அறக்கட்டளை. இவர்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை, குடும்பத்தின் கஷ்டத்தைப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான். யார் இல்லை என்றார்கள்? யாருக்கு எவ்வளவு இல்லையோ அவ்வளவு கொடுக்கிறார்கள். அதற்காக, இல்லாததைப் பத்துப் பக்கத்துக்கு எழுதச் சொல்கிறார்கள். வீடு சொந்தமா, கூரையா, ஓடா, கான்கிரீட்டா. குளிர்சாதனப் பெட்டி உண்டா. வண்டி உண்டா. உங்கள் போனைக் கொஞ்சம் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள் சார். பெரிய போனாக இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் கண்ணில் பட்டால் அதற்கும் ஒரு வரி எழுதிக்கொள்வார்கள். கையிலே கடிகாரம் வேறு. தப்பாக நினைக்காதீர்கள், நான் உங்களை விசாரிக்கவில்லை. பார்த்தால் தெரிகிறது, அவ்வளவுதான். உங்களை மாதிரி ஆட்களும் வருவதால்தான் எங்களை மாதிரி ஆட்களை இத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று தோன்றுகிறது. பரிசாக வந்ததா? இருக்கலாம்.

விண்ணப்பத்தை எழிலி என்னிடம் கொடுத்து நிரப்பச் சொன்னாள். என் கையெழுத்து அழகாக இருக்கும். நான் நிரப்புவதற்கு முன்னால் வாசித்தேன். வாசிக்காமல் எப்படி நிரப்புவது? முதல் பக்கத்தில் ‘குடும்ப தலைவர்’. ஒற்று இல்லை. இரண்டாம் பக்கத்தில் ‘கல்வி கட்டணம்’, அங்கேயும் ஒற்று இல்லை. நான்காம் பக்கத்தில் ‘ஆண்டு வருமாணம்’. மூன்று சுழி! மற்றவனுடைய வருமானத்தைக் கேட்கிறவர்களுக்கு அந்தச் சொல்லை எழுதத் தெரியவில்லை. பத்துப் பக்கத்தில் நாற்பத்தோரு பிழை. எல்லாவற்றையும் ஓரத்தில் குறி போட்டுத் திருத்தினேன். நீல மையில்தான். சிவப்பில் போட்டால் வாத்தியார்த்தனம் என்று நினைப்பார்கள். அடுத்த பதிப்புக்கு இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்று ஒரு துண்டுச் சீட்டும் எழுதி இணைத்தேன். இப்போது உங்கள் கையில் இருப்பது புதிதாக அச்சடித்தது. நான்காம் பக்கத்தைத் திருப்புங்கள். பார்த்தீர்களா? மூன்று சுழி அப்படியே இருக்கிறது.

நாற்பத்தோரு பிழை உள்ள அந்த விண்ணப்பத்தில் ஒன்பதாம் பக்கம் கடைசிப் பத்தியில் மட்டும் எழுத்துப்பிழை இல்லை. ‘இயலாதவன்’ சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். இயலாதவன் என்று யாரைச் சொல்வோம்? கை கால் விளங்காமல் படுத்திருப்பவரைச் சொல்வோம், இயலாதவர், பாவம் என்று. நான் இயலாதவனா? எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அவளைப் படிக்க வைத்தது யார்? போதாதது என் சம்பளம். ‘போதிய வருமானம் இல்லை’ என்று எழுதட்டும், பத்துத் தடவை கையெழுத்துப் போடுகிறேன். சம்பளத்துக்கு இருக்கிற குறையைத் தூக்கி எனக்குப் பெயராக வைத்தால் எப்படி? அதையும் நானே உறுதி கூற வேண்டுமாம்.

இரண்டு நாள் அந்தப் பக்கத்தை அப்படியே வைத்திருந்தேன். எழிலி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசித் தேதி வந்தது. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், அச்சக மேசையில் வைத்து, ‘படிக்க வைக்க’ என்பதற்கும் ‘இயலாதவன்’ என்பதற்கும் நடுவே ஒரு குறி போட்டு, மேலே ‘முழுவதும்’ என்று எழுதினேன். ஒரு சொல்தான். படிக்க வைக்க முழுவதும் இயலாதவன். அதாவது, எல்லாவற்றையும் என்னால் செய்ய முடியாது, ஆனால் நான் ஒன்றுமே செய்யாதவன் இல்லை. வாக்கியம் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது. திருத்தம் செய்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும், இல்லையென்றால் செல்லாது. போட்டேன். உறைக்குள் வைத்துப் பசையும் நானே தடவினேன். அச்சக வாசலில் காத்திருந்த எழிலி வாங்கிக்கொண்டு ஓடினாள். அவள் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நான் கொடுக்கவும் இல்லை.

ஜூன் கடைசியில் கடிதம் வந்தது. பாதி உதவி. கட்டணத்தில் பாதியை அவர்கள் கட்டுவார்கள். மீதியும் விடுதிச் செலவும் எங்கள் பொறுப்பு. வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. எங்களால் அது ஆகாது. எந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தாலும் ஆகாது. டீச்சர்கூட ஆச்சரியப்பட்டார். உங்கள் நிலைமைக்கு முழு உதவியே கிடைத்திருக்க வேண்டுமே என்றார். எழிலி இந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாள். உள்ளே உட்கார்ந்திருக்கிற அம்மாதான் பேசினார். நான் வீட்டுக்குள் வரும்போது அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

“அப்பா, ‘முழுவதும்’னு எதுக்கு எழுதுனீங்க?”

நான் விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். இயலாதவன் என்று வெறுமனே போட்டால் என்ன பொருள் வரும், முன்னால் அந்தச் சொல் வந்தால் பொருள் எப்படி மாறும், எல்லாம். எழுவாய், பயனிலை வரைக்கும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு சொன்னாள்.

“உங்கப்பாவே முழுசா முடியாதுன்னுதானம்மா எழுதியிருக்காரு, அப்ப பாதி முடியும்லன்னு கேக்குறாங்கப்பா. நான் என்ன சொல்றது?”

அது தவறான வாசிப்பு என்றேன். அப்படிப் பொருள் கொள்ள இடமே இல்லை என்றேன். கொஞ்சம் இடம் இருக்கிறது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பண்புள்ளவர்கள் அப்படி வாசிக்க மாட்டார்கள்.

அவள் போனைச் சார்ஜில் போட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை. சாப்பாடு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். பேசமாட்டாள். கேட்டால் தலையை ஆட்டுவாள். இருபத்தாறு நாள். என் அப்பா என்னோடு நான்கு வருடம் பேசாமல் இருந்தவர். அது எனக்கு இந்த அளவுக்குத் தெரியவில்லை.

செண்பகம் பேசினாள். அவள் பேசாமலே இருந்திருக்கலாம். “ஒங்களுக்கு ஒத்தச் சொல்லு பெருசு. அவளுக்குப் படிப்பு பெருசு. ரெண்டுல எது பெருசுன்னு நீங்களே ஒக்காந்து திருத்திக்கிட்டு இருங்க” என்றாள். நான் சொன்னேன், நாளைக்கு எழிலி பெரிய ஆளாகி, அப்பா எழுதிக்கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தால், இயலாதவன் என்று இருக்க வேண்டுமா என்று. அவள் கேட்டாள், “படிக்காமப் போனா எடுத்துப் பாக்கவே மாட்டாளே, அது ஒங்களுக்குச் சரியா?” அப்புறம் அரிசி களையப் போய்விட்டாள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முகத்தில் எழுதியிருக்கிறது. பிடிவாதக்காரன் என்று நினைக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு சொல்லைத்தான் சேர்த்தேன். பொய் எதையும் சேர்க்கவில்லை.

அப்படியும் சொல்ல முடியாது.

உங்களிடம் சொன்னால் என்ன, நாளைக்கு நீங்கள் யாரோ, நான் யாரோ. விண்ணப்பத்தோடு வைக்க முதலாளி கொடுத்த சம்பளச் சான்றிதழ் ஒன்று இருந்தது. காதர் மீரான் பாய் என் முதலாளி. மோசமானவர் இல்லை. சான்றிதழ் கேட்டதும் லெட்டர்பேடை எடுத்தார். எழுதிக்கொண்டே, “நாம குடுக்குறத அப்படியே போட்டா நாலு பேரு என்னையத்தான்யா காறித் துப்புவான்” என்றார். என் சம்பளம் பதினான்காயிரத்து ஐநூறு. அவர் போட்டது இருபத்திரண்டாயிரம். முத்திரை குத்திக் கையில் கொடுத்தார். நான் வாசித்தேன். வாசிக்காமல் எதையும் வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. தொகை தப்பு என்று தெரிந்தது. மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஏன் திருத்தவில்லை? முதலாளி மனம் புண்படும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சந்தில் நடந்து வந்தபோது, இருபத்திரண்டாயிரம் என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது, சார். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு மனிதன் வாங்கியிருக்க வேண்டிய சம்பளம் மாதிரி இருந்தது. ஓர் ஒற்று போனால் தாங்காதவன் ஏழாயிரத்து ஐநூறைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இதை எழிலியிடம் சொல்லவில்லை. செண்பகத்திடமும் சொல்லவில்லை. அவர்கள் ‘முழுவதும்’ என்ற சொல்லால்தான் எல்லாம் கெட்டது என்று நினைக்கிறார்கள். நானும் அதற்காகவே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சண்டையில் எனக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இந்தச் சான்றிதழ் விஷயத்தில் ஒன்றும் இல்லை.

போன வாரம் டீச்சர் இங்கே வந்து பேசி, மறுபடி பரிசீலிக்க ஒத்துக்கொள்ள வைத்தார். ஒரே ஒரு தடவைதான். புது விண்ணப்பம், புதுக் கையெழுத்து. இன்றைக்கு உள்ளே என்ன முடிவாகிறதோ அதுதான். இல்லையென்றால் கோயம்புத்தூர் இடம் போய்விடும். இந்த வெள்ளிக்கிழமை அங்கே பணம் கட்டக் கடைசி நாள்.

காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். இயலாதவன். முதலில் வாயே திறக்கவில்லை. பிறகு சொன்னேன். நான்கைந்து தடவை சொன்னதும் அது ஒரு சொல் மாதிரியே இல்லை, சத்தமாக மட்டும் இருந்தது. சரி, போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். குறி போடாமல், எதையும் சேர்க்காமல், அப்படியே. சம்பளத்தையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பாயிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். பஸ்ஸில் வரும்போது இவர்கள் இருவரிடமும் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். கூட்டமாக இருந்தது.

டோக்கன் பதினேழு என்று கூப்பிட்டதும் மூன்று பேரும் எழுந்தோம். எழிலி திரும்பி, “நீங்க இங்கயே இருங்கப்பா. கூப்பிட்டா வாங்க” என்றாள். இருபத்தாறு நாளுக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். நான் உட்கார்ந்துவிட்டேன். உட்காராமல் என்ன செய்வது? அவள் பேசியதே எனக்குப் பெரிதாக இருந்தது.

கூப்பிடுவார்கள். கையெழுத்துக்குக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்.

என்ன சார், போட்டுவிட்டீர்களா? நான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கும்போதேவா? படித்துப் பார்த்தீர்களா இல்லையா? பையன் படிக்க வேண்டும், அவ்வளவுதானா? சரி. உங்கள் இஷ்டம். உங்களுக்கு எளிதாக இருக்கிறது. உங்களிடம் அந்தக் கடிகாரம் இருக்கிறது, போன் இருக்கிறது. இயலாதவன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, வெளியே போய் அதை மறந்துவிடலாம். என்னால் மறக்க முடியாது. என்னது? செகண்ட்ஹேண்டா? தச்சு வேலையா பார்க்கிறீர்கள்? நான் கேட்கவில்லையே. ஆமாம், விரலைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

இருங்கள். கதவு திறக்கிறது. அவர்கள்தான்.

நீங்களும் கேட்டீர்கள்தானே? கேட்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டீர்கள். பரவாயில்லை. நான் தப்பாகக் கேட்டேனா என்று பார்க்கிறேன். செண்பகம் நேராக என்னிடம் வந்து, “ஆயிருச்சுங்க. எல்லாமே குடுத்துட்டாங்க. ஹாஸ்டலும் சேத்து” என்றாள். நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். “நான் போட்டுட்டேன்” என்றாள். நான் கேட்டேன், வாசித்தாயா, என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்தாயா?

“வாசிக்க என்னங்க இருக்கு? என்னால முடியாதுன்னு போட்டிருக்கு. முடியாதுதான.”

எழிலியிடம் சம்பளத்தைச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். பாய் கொடுத்த சான்றிதழில் ஒரு பிழை என்றேன். பிழை என்றுதான் சொன்னேன், வேறு சொல் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தெரியும்ப்பா. பாய்கிட்டப் போயி வேற வாங்கிட்டேன். கேட்டேன், குடுத்தாரு.”

கேட்டாள், கொடுத்தார். போனில் அந்த அம்மா தொகையைச் சொல்லியிருப்பார். என்றைக்குப் போனாள், தெரியவில்லை. பாய் தினமும் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்றுக்கூட எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோரும் எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தால் நான் ஏதாவது திருத்துவேன் என்று நினைத்திருப்பார்கள்.

திருத்தியிருப்பேனா? நான் முடிவு செய்துவிட்டேன் சார், இன்று காலையிலேயே. உங்களிடம் சொன்னேனே. நீங்கள்தான் சாட்சி. அவர்களிடம் சொல்லத்தான் முடியவில்லை.

அவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். வெயிலில் நிற்க வேண்டாம், எதிர்க்கடையில் டீ குடிக்கிறோம், வாருங்கள் என்றாள் செண்பகம். நீங்கள் போங்கள், வருகிறேன் என்றேன். எழிலி படிக்கட்டில் வேகமாக இறங்கினாள். சத்தம் கேட்டிருக்குமே. இரண்டு இரண்டு படியாகத் தாண்டினாள். சின்னப் பிள்ளையில் அப்படித்தான் இறங்குவாள். விழுந்துவிடுவாய் என்று கத்துவேன்.

உங்கள் தாளைக் கொஞ்சம் காட்டுங்கள். ஒன்பதாம் பக்கம். கையெழுத்துக்குக் கீழே என்ன அச்சடித்திருக்கிறார்கள்? ‘பெற்றோர் கையொப்பம்’. அதுதானே? பெற்றோர் என்றால் தாயும் தந்தையும், இரண்டு பேர். ஒருவர் போட்டால் போதும் என்று எங்கேயும் அச்சாகவில்லை. அந்த அம்மா அதைக் கவனித்தால் இன்னொரு கையெழுத்து வேண்டும் என்று கேட்பார். கேட்காமல் எப்படி விடுவார்?

நீங்கள் பாருங்கள் சார், பதினெட்டைக் கூப்பிடுகிறார்கள். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.